மாட்டை வதைத்தால் சிறையா, 50 ரூபாயா? தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் குறித்து ஒரு விவாதம்

பழைய எழுத்தர்:

நண்பர் காங்கேயன் நேற்று இங்கே எழுதிய கட்டுரையில், “2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வாயிலாகத் தமிழ்நாடு தன் காளைகளுக்கு அளித்திருக்கும் பாதுகாப்பு வேறெந்த மாநிலத்திலும் இல்லை, இங்கே மாட்டை வதைப்பவன் சிறைக்குத்தான் போவான்” என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பலரும் பாராட்டிப் பகிர்ந்திருப்பதைக் கண்டபின் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு 2017-இல் திருத்தியது, 1960-இல் நாடாளுமன்றம் இயற்றிய மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை. அதன் 11-ஆம் பிரிவு, அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, புண்ணோடும் நோயோடும் இருக்கும் மாட்டை வேலைக்குப் பூட்டுவது, வண்டியில் நெருக்கியடித்து ஏற்றிச் செல்வது, பட்டினி போடுவது என்று ஒவ்வொரு கொடுமையையும் வரிசைப்படுத்துகிறது. அதற்கு அந்தப் பிரிவு விதிக்கும் தண்டனை, முதல் முறை குற்றம் செய்தவருக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது.

தென்மாவட்டத்தில் ஒரு குற்றவியல் நடுவர் மன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பார வண்டி மாடு ஒன்றின் வழக்குக் கட்டு என் கையால் போனது. நுகத்தடி உராய்ந்து கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, அதன்மேல் ஈ மொய்த்திருந்த மாடு அது. தார்க்குச்சியின் முனையில் ஆணி அடித்திருந்தார்கள். அந்தக் குச்சியும் சான்றுப்பொருளாக எங்கள் அறையின் மூலையில் கிடந்தது. வண்டிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 ரூபாய் கட்டினார். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த அதே மாட்டை அவிழ்த்து ஓட்டிப் போனார்.

ஆகவே காங்கேயனிடம் ஒரே ஒரு கேள்வி. 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இந்த 50 ரூபாயை மாற்றும் வரி எது?

காங்கேயன்:

எழுத்தர் ஐயாவுக்கு வணக்கம். சென்ற பொங்கலுக்கு முன்பும் தாங்கள் இதே 50 ரூபாய்க் கணக்கைக் கொண்டுவந்து, வாடிவாசலில் நிற்கும் எங்கள் பிள்ளைகளைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லாமல் சொன்னீர்கள். நாங்கள் அதை மறக்கவில்லை.

தாங்கள் நீதிமன்றத்தில் பணியாற்றியவர் என்பதால் மற்றவர்கள் சட்டம் படிக்கவில்லை என்று கருத வேண்டாம். மாட்டைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன்பும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 429-ஆம் பிரிவில் இதே ஐந்தாண்டு இருந்தது. 50 ரூபாய் என்னும் பல்லவியைப் பாடுபவர்கள் இந்தப் பிரிவை ஏன் மறைக்கிறார்கள்?

இனி, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஜல்லிக்கட்டு நடத்தை விதிகளையும் பாருங்கள். மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவர் ஒவ்வொரு காளையையும் பரிசோதித்து, போதைப்பொருளோ எரிச்சலூட்டும் பொருளோ தரப்படவில்லை என்று உறுதி செய்த பிறகே அது வாடிவாசலுக்குப் போகும். திமிலை மட்டுமே அணைக்கலாம். வாலைப் பிடிக்கக்கூடாது, கொம்பைப் பிடிக்கக்கூடாது. பதினைந்து மீட்டர் தாண்டினால் விட்டுவிட வேண்டும். வேறெந்த மாநிலத்தில் ஒரு காளையின் வாலுக்குக்கூட விதி எழுதியிருக்கிறார்கள்? 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்புச் சட்ட அமர்வு இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு மேலும் தாங்கள் தீர்ப்பு எழுத வேண்டுமா?

தெருநாய்த்தோழி:

325-ஆம் பிரிவைப் பற்றிப் பெருமையாக எழுதும் அண்ணனுக்கு, அந்தப் பிரிவு காவல் நிலையத்தில் எப்படி உயிர் வாழ்கிறது என்று தெரியாது போலும். எங்கள் தெருவில் ஒருவர் குட்டி ஈன்றிருந்த நாயின் முதுகில் வெந்நீரை ஊற்றினார். தோல் கொப்புளித்துத் தொங்கிய நிலையில் அது குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் புகார் எழுதிக்கொண்டு போனபோது, “நாய் செத்துவிட்டதா? கால் போய்விட்டதா?” என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும், புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் தகவல் அறிக்கை பதியவே இல்லை. நாய் செத்தால் ஐந்தாண்டு, உயிரோடு துடித்தால் 50 ரூபாய் என்பதுதான் நடைமுறையாக இருக்கிறது. எழுத்தர் ஐயா சொல்வதே சரி.

காங்கேயன்:

சகோதரி, நாயின் வேதனை எனக்கும் வேதனைதான். ஆனால் நான் எழுதியது காளையைப் பற்றி. நகரத்தில் இருப்பவர்களுக்கு மாடு என்றால் பால் பாக்கெட். கிராமத்தில் அது குடும்பத்தில் ஒருவர். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, எங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டுவதற்கு முன்னால் அதற்கு ஊட்டுகிறோம். எங்களுக்கு வந்து கருணையைப் பற்றிப் பாடம் எடுப்பது முறையாகாது. 50 ரூபாய் என்பது 11-ஆம் பிரிவுக்கு மட்டும்தான். அதை ஒட்டுமொத்தச் சட்டத்தின் தண்டனை என்று சொல்வது பொய்.

பழைய எழுத்தர்:

பொய் என்ற சொல்லைத் தாங்கள் பயன்படுத்தியதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

மாட்டுக்கு நாள்தோறும் நடக்கும் கொடுமை எது? கொலையா? கால் வெட்டா? அவை அரிதாக நடப்பவை. அன்றாடம் நடப்பது அடியும், அளவு மீறிய பாரமும், தார்க்குச்சியும், தண்ணீர் காட்டாமல் இரவெல்லாம் லாரியில் நிறுத்திக்கொண்டு போவதும்தான். இவை எல்லாமே 11-ஆம் பிரிவுக்குள் அடங்கியவை. ஆகவே 50 ரூபாய்தான் இந்தச் சட்டத்தின் நடைமுறைத் தண்டனை. தாங்கள் காட்டும் ஐந்தாண்டு, மாடு செத்த பிறகோ முடமான பிறகோ வருவது.

விதிகளைச் சொன்னீர்கள். விதி எழுதுவதில் நம்மவர்களுக்கு என்றுமே குறைவில்லை. பார மாடுகளுக்கென்று 1965-லேயே மத்திய அரசு விதி எழுதியது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை மாட்டை வண்டியில் பூட்டக்கூடாது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. முள் பதித்த குச்சியால் குத்தக்கூடாது. இந்த விதிகளை மீறினால் என்ன தண்டனை தெரியுமா? சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் மட்டும் போதும் என்று அந்தப் பிரிவே இடம் கொடுக்கும்போது, வழக்குச் சுமையில் மூழ்கிக் கிடக்கும் நடுவர் ஒருவர் தார்க்குச்சிக்காக ஒரு விவசாயியைச் சிறைக்கு அனுப்புவார் என்று நினைக்கிறீர்களா? என் பணிக்காலத்தில் அப்படி ஓர் உத்தரவும் என் பார்வைக்கு வந்ததில்லை.

2017 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரே நாளில் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்று இரண்டாம் பிரிவில் சேர்த்தார்கள். 11-ஆம் பிரிவின் விலக்குப் பட்டியலிலேயே ஜல்லிக்கட்டைச் சேர்த்தார்கள். அதே 11-ஆம் பிரிவில் சில வரிகள் மேலே 50 ரூபாய் இருந்தது. அந்த வரியைத் தாண்டித்தான் பேனா கீழே போயிருக்கிறது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

சட்டப்புள்ளி:

இரு தரப்பினரும் ஒரு நிமிடம் பொறுத்தருள வேண்டும். நான் வழக்கறிஞன். எந்தச் செயலை ‘வதை’ என்று சட்டம் கொள்கிறது, ‘தேவையற்ற வலி’ என்பதை நீதிமன்றங்கள் எப்படி அளக்கின்றன என்பதை வரையறுத்துக்கொள்ளாமல் தண்டனையைப் பற்றிப் பேசுவது பயன் தராது.

அபராதத் தொகையைவிடப் பெரிய சிக்கல்கள் இரண்டு இருப்பதையும் யாரும் கவனிக்கவில்லை. ஒன்று, 31-ஆம் பிரிவு. விலங்கைக் கொடூரமாகக் கொல்வது அல்லது உறுப்பைச் சிதைப்பது, விலங்குச் சண்டை நடத்துவது, விலங்கை இலக்காக வைத்துச் சுடும் போட்டி நடத்துவது, பால் சுரக்க ஊசி போடுவது போன்ற மிகச் சில குற்றங்களில் மட்டுமே காவல்துறை நீதிமன்ற உத்தரவின்றி நடவடிக்கை எடுக்க முடியும். அடித்தல், பாரம் ஏற்றுதல் எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. சகோதரிக்குக் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்ததற்கு இதுவே வேராக இருக்கலாம். மற்றொன்று, 36-ஆம் பிரிவு. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் அதன்பின் தொடரவே முடியாது. அபராதத்தை 50,000 ரூபாய் ஆக்கினாலும் இந்த இரண்டு பிரிவுகள் இப்படியே இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் மாறாது.

காங்கேயன்:

வழக்கறிஞர் ஐயா, தங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இங்கே கேள்வி வரையறை அல்ல. 50 ரூபாய்தான் தண்டனை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது பொய் என்று நான் சொல்கிறேன். அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

பழைய எழுத்தர்:

வழக்கறிஞர் சொன்ன இரண்டு பிரிவுகளும் என் கட்சிக்கே வலு சேர்க்கின்றன. பிடிக்கவும் முடியாது, மூன்று மாதத்துக்குப் பின் தொடரவும் முடியாது, தப்பித் தவறி நீதிமன்றம் வரை வந்துவிட்டாலும் 50 ரூபாய். இதைத்தான் காங்கேயன் நாட்டிலேயே சிறந்த பாதுகாப்பு என்கிறார்.

மேலூர் மாடுபிடி:

வணக்கம். நான் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று களத்திலும் இறங்கியவன். எழுத்தர் ஐயா எழுதுவதைப் படித்தால், 2017 ஜனவரியில் மெரினாவில் நின்ற அத்தனை பேரும் மாட்டை வதைப்பதற்காக நின்றதுபோல் தோன்றுகிறது. புலிக்குளம் காளைகளைச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஜல்லிக்கட்டு திரும்ப வந்த பிறகுதான் எங்கள் ஊரில் கன்றைக் காளையாக வளர்க்கிறார்கள். அடிமாடாகப் போகாமல் காளை உயிரோடு இருப்பதே முதல் பாதுகாப்பு. அதை எந்த அபராதமும் செய்யவில்லை, களம்தான் செய்தது.

காளைக்காக இவ்வளவு உருகுபவர்கள் கோயில் யானைக்காக ஏன் வாய் திறக்கவில்லை என்பதையும் விளக்க வேண்டும்.

பழைய எழுத்தர்:

தம்பிக்கு, யானையைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி யானைகள் நலவாழ்வு முகாமில் ஒரு கோயில் யானையை மரத்தோடு கட்டி வைத்து அடிக்கும் காணொளி பரவியது. வனத்துறை வழக்குப் பதிந்தது, பாகர் கைதானார். அதற்கு முந்தைய மாதம் மசினகுடியில் எரியும் டயரை வீசி ஒரு யானையைச் சாகடித்தார்கள். அங்கும் உடனே கைது நடந்தது. ஏன்? யானை 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடினால் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. ஆகவே அதிகாரிக்குக் கையில் ஒரு கோல் இருக்கிறது. காளைக்கு அப்படி எந்த அட்டவணையும் இல்லை. அதற்கு இருப்பதெல்லாம் 11-ஆம் பிரிவும் 50 ரூபாயும்தான்.

இனம் காக்கப்பட்டது என்று சொல்வதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி அதைப் பற்றியதே அல்ல. காளையை வளர்ப்பவர் ஒருவர், களம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அதை வண்டிக்குள் நெரித்து ஏற்றி மூக்கணாங்கயிற்றை மேல்கம்பியில் இழுத்துக் கட்டினால் அவருக்கு என்ன தண்டனை? 50 ரூபாய்.

மேலூர் மாடுபிடி:

தங்கள் வீட்டில் ஒரு மாடாவது கட்டியிருக்கிறீர்களா ஐயா? மாட்டின் சாணத்தை அள்ளாதவர்கள் மாட்டைப் பற்றிச் சட்டம் பேசுவதுதான் எங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது.

பழைய எழுத்தர்:

என் தகப்பனார் இரண்டு ஜோடி உழவு மாடு வைத்திருந்தவர். சாணம் அள்ளித்தான் படித்தேன். அந்தத் தகுதியைக் காட்டினால்தான் 11-ஆம் பிரிவைப் படிக்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

குலசாமி துணை:

சட்டம் போட்டு எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மாநிலத்தில் பெயரளவில் கிடந்தது. 2003-இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டது. ஊர் ஊராகக் காவல்துறை வந்து கிடாவெட்டை நிறுத்தியது. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் தலைமுறை தலைமுறையாகச் செய்த நேர்த்திக்கடன் ஒரே நாளில் குற்றமாயிற்று. மக்கள் கொதித்தார்கள்; 2004-இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. மத்தியச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சமய முறைப்படி விலங்கைக் கொல்வதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. மக்களின் வழக்கத்தோடு மோதும் எந்தச் சட்டமும் நிலைக்காது. இந்த 50 ரூபாய் விவகாரமும் நாளை எங்கள் கோயில் வாசலுக்குத்தான் வந்து நிற்கும்.

தெருநாய்த்தோழி:

நாயின் முதுகில் வெந்நீர் ஊற்றுவது எந்தக் குலதெய்வத்துக்குச் செய்யும் நேர்த்திக்கடன் என்று ஐயா விளக்க வேண்டும்.

குலசாமி துணை:

நான் நாயைப் பற்றி எழுதவில்லை. எழுதாததை எழுதியதாகச் சொல்வது தங்களைப் போன்றவர்களின் பழக்கம். கறிக்கடையில் தொங்கும் ஆட்டைக் கண்டு கலங்காதவர்கள் கோயில் கிடாவைக் கண்டு கலங்குவதைத்தான் 2003-லும் பார்த்தோம்.

தெருநாய்த்தோழி:

நான் கறி உண்பதில்லை. ஆளைத் தெரியாமல் குற்றம் சாட்ட வேண்டாம்.

சட்டப்புள்ளி:

2003-இல் நடந்தது பலித்தடைச் சட்டம் பற்றியது. இங்கே பேசப்படுவது வதைத் தடுப்புச் சட்டம். இரண்டும் வெவ்வேறு. தயவுசெய்து கலக்க வேண்டாம்.

காங்கேயன்:

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. நான் என் இடத்துக்கே வருகிறேன். 2016 ஜூலையில் சென்னைப் புறநகரில் மருத்துவ மாணவர் ஒருவர் ஒரு நாயை மொட்டை மாடியிலிருந்து தூக்கி வீச, மற்றொரு மாணவர் அதைப் படம் பிடித்தார். அவர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 428, 429 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதியப்பட்டது. அந்த நாய் சாகவில்லை, பிழைத்துக்கொண்டது. ஆகவே செத்தால்தான் பெரிய பிரிவு வரும் என்று சகோதரி எழுதியது தவறு. 50 ரூபாயோடு முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய எழுத்தர்:

சான்று வேண்டும். ஏனென்றால் தாங்கள் காட்டிய சான்று பாதியோடு நின்றுவிட்டது. அந்த நாய்க்குக் கால் எலும்பும் முதுகும் அடிபட்டிருந்தன. ஊனப்படுத்துதல் என்னும் கூறு இருந்ததால்தான் அந்தப் பிரிவுகளைப் போட முடிந்தது. அவர்கள் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள், ஏனெனில் அந்தப் பிரிவுகளும் ஜாமீனில் விடத்தக்கவையே. காணொளி நாடு முழுவதும் பரவியிராவிட்டால் அந்த அளவுகூட நடந்திருக்காது. சகோதரியின் தெருவில் வெந்நீர் ஊற்றியதை யாரும் படம் பிடிக்கவில்லை. அதனால் ரசீதோடு முடிந்தது.

காங்கேயன் இதுவரை நான்கு முறை எழுதிவிட்டார். 325 என்கிறார், வால் என்கிறார், வாடிவாசல் என்கிறார். 50 ரூபாயை மாற்றும் வரி எது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

மேலூர் மாடுபிடி:

ஐயாவும் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? களத்தில் காளைக்குத் தண்ணீர் வைப்பது யார், புண் பட்டால் மஞ்சள் அரைத்துப் போடுவது யார் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

காங்கேயன்:

பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அபராதத் தொகையை உயர்த்துவது மத்திய அரசின் கடமை. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த தீர்ப்பிலேயே, 11-ஆம் பிரிவு மீறலுக்குப் போதிய தண்டனை கிடைக்கும்படி நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும் என்றுதான் உச்ச நீதிமன்றம் எதிர்பார்த்தது. சட்டமன்றம் என்று சொல்லவில்லை, நாடாளுமன்றம் என்று சொன்னது. 2022 நவம்பரில் மத்திய அமைச்சகம் ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தையும் கேட்டது. டில்லியில் கேட்க வேண்டிய கேள்வியைத் தாங்கள் அலங்காநல்லூரில் வந்து கேட்கிறீர்கள்.

பழைய எழுத்தர்:

இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன்.

மிருகவதைத் தடுப்பு என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொதுப்பட்டியலின் 17-ஆம் பதிவு. மத்திய அரசும் சட்டம் இயற்றலாம், மாநிலமும் இயற்றலாம். மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் 254-ஆம் உறுப்பின்படி அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டமே நிற்கும். 2009-இல் நாம் இயற்றிய ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் மத்தியச் சட்டத்துக்கு முரண் என்று 2014-இல் விழுந்தது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுதான் 2017-இல் மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்கென்று திருத்தி, ஜனவரி 31-க்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கினார்கள். 2023-இல் அந்தச் சட்டம் நிலைத்ததும் இதனால்தான். ஆக, வழி தெரிந்திருந்தது. கதவு திறந்திருந்தது. டில்லி ஒப்புதலும் வந்தது. விளையாட்டுக்கு விலக்கு அளிக்கும் வரிக்குக் கிடைத்த ஒப்புதல், 50 ரூபாயை 50,000 ஆக்கும் வரிக்கு மட்டும் கிடைத்திருக்காதா? கேட்டால்தானே கிடைக்கும்?

2014 தீர்ப்பைத் தாங்களே எடுத்துக் காட்டியதும் நல்லதாயிற்று. தண்டனை போதாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை அறிந்தபின்னும், அந்தத் தீர்ப்பைக் கடப்பதற்காகவே எழுதிய சட்டத்தில் அந்த ஒரு குறையை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். நாடாளுமன்றம் செய்யவில்லை என்பது உண்மை. நாம் செய்யக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை என்பதும் உண்மை.

சட்டப்புள்ளி:

254-ஆம் உறுப்பு குறித்து எழுத்தர் ஐயா எழுதியிருப்பது சரியே. ஆனால் 31, 36 ஆகிய பிரிவுகளையும் அதே வழியில் மாநிலம் திருத்தலாம் என்பதை அவரும் சொல்லாமல் விட்டுவிட்டார். தொகையை மட்டும் உயர்த்தினால் வழக்கே பதியாமல் போகும் ஆபத்து கூடும். மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் அமைக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தச் சங்கங்கள் முறையாக இயங்குகின்றனவா என்று யாராவது இங்கே கேட்டீர்களா?

பழைய எழுத்தர்:

சங்கத்தைப் பற்றித் தனியே பேசலாம். முதலில் 50 ரூபாய்.

குலசாமி துணை:

50 ரூபாயை 50,000 ஆக்கினால் அதைக் கட்டப்போவது யார்? ஒரு ஜோடி மாட்டை வைத்துப் பிழைக்கும் வண்டிக்காரன். வட்டிக்குக் கடன் வாங்கி அபராதம் கட்டுவான், அல்லது மாட்டை அடிமாட்டுக்காரனிடம் விற்பான். தங்கள் வேப்பமரத்து மாட்டுக்கு அப்போது என்ன கதி என்று யோசித்தீர்களா?

பழைய எழுத்தர்:

ஏழையின் பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் ஒளிந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் லாரிகளைப் பாருங்கள். 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. அந்த லாரிகளில் எத்தனை கொம்பு தெரிகிறது என்று சாலையோரம் நின்று எண்ணிவிட்டு வாருங்கள். படுத்துவிட்ட மாட்டை எழுப்பக் கண்ணில் மிளகாய்ப் பொடி தேய்க்கிறார்கள், வாலை ஒடிக்கிறார்கள். அந்த லாரியின் முதலாளி வண்டிக்காரர் அல்லர். அவருக்கு ஒரு முறை டீசல் நிரப்பும் செலவில் இந்த 50 ரூபாய் கண்ணுக்கே தெரியாது.

காங்கேயன்:

லாரியைப் பிடிக்க வேண்டியது போக்குவரத்துத் துறையும் காவல்துறையும். அதற்கும் ஜல்லிக்கட்டுச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு? எங்களை எப்படியாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்னும் தங்கள் ஆசை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. என் கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றப் போவதில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு ஈடான சட்டம் வேறெங்கும் இல்லை.

பழைய எழுத்தர்:

அதே 2017-இல் மகாராஷ்டிரமும் மாட்டு வண்டிப் பந்தயத்துக்காக இதே மத்தியச் சட்டத்தைத் திருத்தியது. பந்தய நிபந்தனையை மீறி மாட்டுக்கு வலி உண்டாக்குபவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை என்று அங்கே எழுதினார்கள். அதே ஆண்டு, அதே மத்தியச் சட்டம், அதே குடியரசுத் தலைவர் ஒப்புதல். வேறெங்கும் இல்லை என்று எழுதியவர் அதைப் படித்துவிட்டா எழுதினார்?

காங்கேயன்:

அதுவும் பந்தயத்துக்கு மட்டும்தானே? அங்கேயும் பார வண்டி மாட்டை அடித்தால் தங்கள் 50 ரூபாய்தானே? அப்படியிருக்க எங்களை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

பழைய எழுத்தர்:

50 ரூபாய் என்று இப்போது தாங்களே எழுதிவிட்டீர்கள்.

காங்கேயன்:

மகாராஷ்டிரத்தைப் பற்றித்தான் எழுதினேன். இங்கே 325-ஆம் பிரிவு இருக்கிறது.

தெருநாய்த்தோழி:

325-ஆம் பிரிவு அங்கேயும் இருக்கிறது அண்ணா. அது மத்தியச் சட்டம்.

மேலூர் மாடுபிடி:

மகாராஷ்டிரத்து மாட்டை மகாராஷ்டிரத்தார் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் காளையை எங்களுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும். எழுத்தர் ஐயா ஒருமுறை பாலமேட்டுக்கு வந்து, களத்துக்குப் போகும் முன் மருத்துவர் காளையின் கண்ணையும் நாக்கையும் பார்ப்பதை நேரில் கண்டுவிட்டு எழுதட்டும்.

பழைய எழுத்தர்:

வருகிறேன் தம்பி. வரும்போது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அரசிதழ்ப் படியையும் எடுத்து வருகிறேன். அந்த வரி எங்கே இருக்கிறது என்று காங்கேயனையும் அழைத்து வந்து காட்டச் சொல்லுங்கள்.